தெற்கு சூடான் போற தம்பிக்கு ஆஃப்லைன் கேம் செட்டப்

காவேரிப்பட்டணத்தான்: தம்பி ஐ.நா. அமைதிப்படையில தெற்கு சூடான் போறான். அங்க நெட்டை நம்ப முடியாதாம். ஸ்டீம் டெக் (கையில வச்சு பி.சி. கேம் ஆடற கருவி) வாங்கித் தரலாங்களா?

பாலக்கோட்டார்: தரலாங்க. ஆனா வேலையெல்லாம் இங்கயே முடியணும். ஒவ்வொரு கேமையும் முழுசா இறக்கி, நெட் இருக்கும்போதே ஒருவாட்டி திறந்து ஆட்டம் தொடங்கற வரைக்கும் போங்க. அப்புறம் ஆஃப்லைன் மோடு போட்டு, வைஃபையை அணைச்சு, ரீஸ்டார்ட் பண்ணி மறுபடி திறந்து பாருங்க. சில கேம் அப்பத்தான் தனி லாஞ்சர் (கேமைத் திறந்து விடற இன்னொரு ஆப்) லாகின் கேட்டு மக்கர் பண்ணும். அதைத் தூக்கிடுங்க.

ஊத்தங்கரை மெக்கானிக்: பவர் பேங்க் 20,000 எம்.ஏ.ஹெச்.னா சுமார் 74 வாட் ஹவர். 100க்குள்ள இருக்கறதால விமானத்துல பிரச்சனையில்ல, ஆனா கைப்பையிலதான் வைக்கணும். 45 வாட் பி.டி. (யு.எஸ்.பி. வேக சார்ஜிங் முறை) இருக்கறதா பார்த்து வாங்குங்க, 10 வாட்டுல பெரிய கேம் ஆடினா சார்ஜ் ஏறாது, இறங்கும். வெளிச்சூடு 35 டிகிரிக்கு மேல போனா டெக் திணறும். டி.டி.பி.யை (சிப் இழுக்கற மின்சாரத்தோட வரம்பு) 8 வாட்டுக்குக் குறைச்சு, கேமை 40 எஃப்.பி.எஸ்.ல (நொடிக்கு 40 படம்) பூட்டுங்க.

பாலக்கோட்டார்: கூட இருக்கறவங்களோட ஆடறதுன்னா நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவிக்குத்தான் என் ஓட்டு. மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்ங்கற ரேஸ் கேம் கார்ட்ரிட்ஜ், அதோட வர்றது போக இன்னொரு ஜோடி ஜாய்கான் (கழட்டி மாட்டற கன்ட்ரோலர்) போதும். நெட்டே இல்லாம நாலு பேர் ஒரே திரையில ஆடலாம்.