‘மறு அறுவை’ போதுமா? உடற்பருமன் சிகிச்சைக்கு ஒரு சொல் வேண்டும்

வணக்கம்.

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழல்போல் ஆக்கும் எடைக்குறைப்பு அறுவை) செய்துகொண்டவருக்கு எடை திரும்ப ஏறி, நெஞ்செரிச்சலும் சேர்ந்தால் செய்யும் அறுவையை நம் கலைச்சொல் பட்டியலில் ‘மறு அறுவை’ என்று போட்டிருக்கிறோம். வெட்டிய விளிம்பை மூடும் ஸ்டேப்பிள் வரிசையில் ரத்தம் கசிந்து அன்றிரவே திரும்ப உள்ளே போனாலும் அது மறு அறுவைதான். இதுவோ ஆண்டுகள் கழித்து, எண்டோஸ்கோப்பி, பேரியம் படம், 24 மணி நேர அமில அளவீடு எல்லாம் பார்த்துத் திட்டமிடுவது. ‘திருத்த அறுவை’ என்று வைக்கலாமா?

---

> ‘திருத்த அறுவை’ என்று வைக்கலாமா?

திருத்தம் என்றாலே முதலில் பிழை நடந்ததாகிவிடும், ஐயா. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. மிஞ்சும் குழல் ஒடுக்கமானது. கீழே, குடலுக்குப் போகும் வாயிலில், பைலோரஸ் வால்வு அப்படியே இருப்பதால் உள்ளழுத்தம் கூடும். மேலே உணவுக்குழாய் சேரும் கூர்ங்கோணம் தளர்ந்தால் அமிலம் ஏறிவிடும். குறையில்லாமல் செய்தாலும் இது வரலாம். எடை ஏறுவதும் பெரும்பாலும் நோயின் இயல்பு.

பொதுச்சொல்லாக ‘மீளறுவை’ என்பேன். மீளாய்வு, மீள்பார்வை போல யாரையும் குறை சொல்லாது. அதற்குள் மூன்று: வகைமாற்றம், திருத்தம், மீட்பு. ஒரு வகை அறுவையை வேறு வகையாக்கினால் வகைமாற்றம். குழல் நடுவில் முறுக்கிக்கொண்டதைச் சரிசெய்தால் திருத்தம். இரைப்பை பைபாஸைப் பிரித்துப் பழையபடி இணைத்தால் மீட்பு. ஸ்லீவுக்கு இது கிடையாது, வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாதே.

நம் நோயாளிக்கு வேண்டியது பெரும்பாலும் வகைமாற்றம், அதாவது ஸ்லீவை ரூ-என்-வை என்ற இரைப்பை பைபாஸாக மாற்றுவது. இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மி.லி. பையைப் பிரித்து, அதில் சிறுகுடலை இணைத்து, பித்தநீர் அந்த இணைப்புக்கு 100 முதல் 150 செ.மீ. கீழே வந்து சேரும்படி செய்கிறார்கள். உணவுக்குழாய் இறங்கும் உதரவிதானத் துளை விரிந்திருந்தால் அப்போதே தைத்துவிட வேண்டும். விட்டால் நெஞ்செரிச்சல் தொடரலாம். அமிலம் ஏறுபவருக்கு ஸ்லீவையே மேலும் ஒடுக்கினால் தொல்லை கூடத்தான் செய்யும்.

---

மீளறுவைக்கு என் ஆதரவு. ‘மறுசீரமைப்பு’ என்று யாரும் கொண்டுவர வேண்டாம். அது பிளாஸ்டிக் சர்ஜரிக்காரர்கள் சொல். எடை குறைந்தபின் தொங்கும் தோலை எடுப்பதும் இதே நோயாளிகளுக்குத்தான் நடக்கிறது, கோப்பில் குழம்பிவிடும்.

விளக்கத்தில் இரண்டு விஷயம் கட்டாயம் வர வேண்டும். பழைய தழும்பும் தடித்த சுவரும் இருப்பதால் உயரம் கூடிய ஸ்டேப்பிள் தேவைப்படலாம். கசிவு ஆபத்தும் முதல் அறுவையைவிட அதிகம். அடுத்தது, வகைமாற்றத்தில் நெஞ்செரிச்சல் அடங்கினாலும், அதே அளவுக்கு எடையும் குறையும் என்று சொல்ல முடியாது. நோயாளி முதலில் கேட்பதே அதைத்தான்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

உடற்பருமன் மீளறுவை: முன்பு செய்த உடற்பருமன் அறுவையை எடையேற்றம், அமில எதுக்களிப்பு முதலிய காரணங்களுக்காகத் திட்டமிட்டு வகைமாற்றுதல், திருத்துதல் அல்லது மீட்டல். உடனடிச் சிக்கலுக்கான மறு அறுவை இதில் அடங்காது.