நண்பர்களுக்குள் உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது என்று விதி போடலாமா?

மழைக்குருவி:
எங்கள் கே நண்பர் கூட்டத்தில் சமீபத்தில் ஒரு விதியை முன்வைத்தேன். யாருடைய உடம்பைப் பற்றியும் யாரும் எதுவும் சொல்லக்கூடாது. கிண்டல் கூடாது, பாராட்டும் கூடாது. பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருவன் கோபித்துக்கொண்டு வாட்ஸ்அப் குழுவை விட்டே போய்விட்டான். உங்கள் கருத்தைக் கேட்கலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காதல் முறிந்து, சாப்பாடு இறங்காமல், தூக்கமும் இல்லாமல் நன்றாக இளைத்துப்போனேன். வாழ்க்கையிலேயே எனக்கு அதிகப் பாராட்டு கிடைத்தது அப்போதுதான். "செம்மயா ஆயிட்ட", "பிரேக்கப் உனக்கு ஒத்துக்கிச்சுடா", "என்ன டயட்?" குரூப் போட்டோவில் எப்போதும் ஓரத்தில் நிற்கிறவனை நடுவில் இழுத்து நிறுத்தினார்கள். அப்புறம் மனசு தேறியது, பழைய எடையும் வந்தது, பாராட்டு நின்றுபோனது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் கணக்குப் பார்க்கிறேன். பாராட்டு தொடங்கினால் அது நிற்கும் நாளும் வரும். அதனால்தான் பாராட்டையும் சேர்த்தே விதிக்குள் கொண்டுவந்தேன்.

இரும்புத்தோள்:
முழுசாக எதிர்க்கிறேன். குழுவை விட்டுப் போன அந்த நண்பன் பக்கம்தான் நான்.

பள்ளியில் விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியாக மிஞ்சுகிறவன் நான். வளர்ந்த பிறகும் என்னை அழகன் என்று யாரும் சொன்னதில்லை. மற்றப் பையன்களுக்கு அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுப் பெண், கல்யாணத் தரகர் என்று ஊரே சொல்லும். நமக்கு யார் சொன்னார்கள்? முதன்முதலில் என்னைப் பார்த்து "உன் தோள் அழகா இருக்குடா" என்று சொன்னவன் ஒரு கே நண்பன். அதைக் கேட்ட பிறகுதான் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றேன். அதையும் பிடுங்கிக்கொண்டால் நமக்குள் மிச்சம் என்ன, வானிலைச் செய்தியா?

ஆண் உடம்பை ஆண்கள் ரசிப்பது டேட்டிங் ஆப் வந்த பிறகு வந்த வியாதி இல்லை. 1951-ல் பாப் மைசர் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸில் 'ஃபிசிக் பிக்டோரியல்' என்று ஒரு இதழ் தொடங்கினார். பார்வைக்கு உடற்பயிற்சி இதழ். வாங்கியவர்களுக்கு அது எதற்கென்று தெரியும். நம்மைப் போன்றவர்கள் போலீசுக்குப் பயந்து வாழ்ந்த காலம் அது. தபாலில் வரும் அந்தச் சின்னப் புத்தகம்தான் பலருக்கு 'நான் தனி ஆள் இல்லை' என்ற முதல் தகவல். ரசனையை ஏதோ குற்றம் போலப் பேசாதீர்கள்.

கரடிமாமா:
தம்பி இரும்புத்தோள், அந்த இதழில் என்னைப் போலத் தொப்பை வைத்த ஒரு ஆளைக் காட்டு, நான் எதிர்வாதத்தை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

ஒட்டடைக்குச்சி:
ஒல்லியானவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். "காத்தடிச்சா பறந்துடுவ" என்பதை அன்பு என்று நினைத்துச் சொல்கிறார்கள். நானும் பல்லைக் காட்டுகிறேன். விதிக்கு என் ஓட்டு.

தரவுப்பூனை:
கொஞ்சம் ஆய்வும் பேசுவோம். ஃபெல்ட்மன், மேயர் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் கே, இருபாலீர்ப்பு ஆண்களிடம் உண்ணுதல் சார்ந்த கோளாறுகள் மற்ற ஆண்களைவிட அதிகம் என்று தெரிந்தது. இது பலரும் கேள்விப்பட்டதுதான். அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. கே ஆண்களுக்கான பொழுதுபோக்குக் குழுக்களுக்குப் போகிறவர்களிடம் இந்தக் கோளாறுகள் கூடுதலாகத் தெரிந்தன.

2020-ல் பச்சான்கிஸும் அவருடைய குழுவினரும் நம் சமூகத்துக்குள்ளிருந்தே வரும் மன அழுத்தத்தைப் பற்றி எழுதினார்கள். செக்ஸ், அந்தஸ்து, போட்டி, ஆளை ஒதுக்குவது ஆகிய நான்கும் நம் ஆட்களிடமிருந்தே வந்து நம்மை வாட்டுகின்றன என்பது அவர்கள் வாதம். வெளியுலகம் நம்மை வெறுப்பதால் வரும் அழுத்தம் தனி, இது தனி. ஸ்ட்ரெயிட் ஆணை ஆசைப்படுவது பெண். அவன் போட்டி போடுவது ஆண்களோடு. நமக்கு ஆசைப்படுகிறவனும் போட்டியாளனும் ஒரே அறையில், சில சமயம் ஒரே ஆளாகவே இருக்கிறான். அதனால் மழைக்குருவியின் விதி அவ்வளவு விசித்திரமாக எனக்குத் தெரியவில்லை.

இரும்புத்தோள்:
தொடர்பு இருந்தால் அதுவே காரணம் ஆகிவிடுமா? ஏற்கெனவே உடம்பைப் பற்றிக் கவலையில் இருப்பவன்தான் துணை தேடிக் குழுவுக்கு வருகிறான் என்றும் சொல்லலாமே.

தரவுப்பூனை:
சொல்லலாம். எது முன்னால் வந்தது என்று அந்த ஆய்வை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் குழுவுக்குள் வந்ததும் கவலை குறையவில்லை என்பது எப்படிப் பார்த்தாலும் நமக்குப் பெருமை இல்லை.

பழையடைரி:
பிள்ளைகளே, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. கூட்டு மருந்து சிகிச்சை 1996 வாக்கில் வந்தது. அதற்கு முன்னால் நண்பர்கள் கண் எதிரே கரைந்ததைப் பார்த்த தலைமுறை நாங்கள். அப்போது "இளைச்சிட்டியே" என்று யாராவது சொன்னால் ஈரல்குலை நடுங்கும். அது பாராட்டே இல்லை, சந்தேகம். "கொஞ்சம் சதை போட்டிருக்கே" என்று கேட்டால் அன்று முழுக்கச் சந்தோஷம். பூசினாற்போல் இருக்கிறாய் என்பதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்குக் கிடையாது. நோயில் தசை கரைந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசியை மருந்தாகவே கொடுத்தார்கள். அகன்ற மார்பு 'நான் இன்னும் இருக்கிறேன்' என்ற அறிவிப்பாக ஆனது. ஜிம் மோகத்தைத் திட்டுகிறவர்கள் அது எங்கிருந்தெல்லாம் வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிற்பாடு ஸ்டாவுடின் என்ற மாத்திரை உயிரைக் காப்பாற்றியது, கன்னத்துக் கொழுப்பைத் தின்றுவிட்டது. முகம் ஒட்டிப்போய் நோய் முகத்திலேயே எழுதி ஒட்டியதுபோல் ஆகிவிட்டது. பக்க விளைவுகளுக்காக அந்த மருந்தைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2009-ல் பரிந்துரைத்தது. என் கன்னம் திரும்ப வரவில்லை.

இதில் மழைக்குருவிக்கு என் பதில் என்னவென்றால், எனக்கு உங்கள் விதி வேண்டாம். என் ஒட்டிய கன்னத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். அந்த நாகரிகம் எனக்கு வலித்தது. ஒருவர் மட்டும் கன்னத்தைத் தொட்டு "மருந்தாலயா?" என்று கேட்டார். அவரோடுதான் இன்றைக்கும் வாழ்கிறேன்.

வளையல்சத்தம்:
ஐயா, உங்களுக்கு என் வணக்கம். ஆனாலும் நான் விதியின் பக்கம்தான், அதுவும் இன்னும் கடுமையான விதியின் பக்கம்.

இதுவரை எல்லோரும் எடை, தசை, கன்னம் என்று பேசினீர்கள். என் உடம்பு என்றால் என் நடை, என் குரல், பேசும்போது பறக்கும் என் கை. நண்பர் கூட்டத்திலேயே "வெளியே வந்தா கொஞ்சம் அடக்கி நட" என்று சொல்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். "நீ வாயைத் திறக்காத வரைக்கும் சூப்பர்" என்பது எனக்குக் கிடைத்த பாராட்டு. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்க" இன்னொன்று. இவற்றைப் பாராட்டுக் கணக்கில் எழுதுவதா, வசவுக் கணக்கில் எழுதுவதா, நீங்களே சொல்லுங்கள்.

ஆப் பக்கம் போனால் குண்டு வேண்டாம், பெண் நளினம் வேண்டாம் என்று புரொஃபைலின் முதல் வரியிலேயே பலகை மாட்டியிருக்கிறார்கள். கேட்டால் என் விருப்பம் என்கிறார்கள். விருப்பம் இருக்கட்டும், பலகை எதற்கு? கிரைண்டர் (Grindr) என்ற கே டேட்டிங் ஆப் 2018-ல் கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள் என்று ஒரு பிரச்சாரம் நடத்தியது, 2020-ல் இனவாரியாக ஆளை வடிகட்டும் ஃபில்டரை எடுப்பதாக அறிவித்தது. அதனால் எனக்குப் பதில் போடுகிறவர்கள் கூடிவிட்டார்களா என்றால் இல்லை. ஆனால் பலகை குறைந்தால் காலையில் போனைத் திறந்ததும் நான் படிக்க வேண்டிய அசிங்கம் குறைகிறது. அது எனக்குப் பெரிய விஷயம். விதி யாருடைய ஆசையையும் மாற்றாது, மாற்றவும் வேண்டாம். என் காதில் விழுவது குறைந்தால் போதும்.

கரடிமாமா:
வளையல் சொன்னதில் பலகை விஷயம் சரி. மற்றபடி வாயைக் கட்டுவது எனக்கு ஒத்துவராது.

எங்கள் ஆட்கள், அதாவது 'கரடிகள்' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தாடியும் தொப்பையும் வைத்த கே ஆண்கள், வேறு வழியைப் பிடித்தார்கள். 1987-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'பேர்' (Bear, கரடி) என்ற இதழ் வந்தது. தாடி, மார்முடி, தொப்பை எல்லாம் அதில் அட்டைப்படம் ஏறும் தகுதி பெற்றன. 1995-ல் கரடிகளுக்குத் தனிக் கொடியே வந்துவிட்டது. எங்களை அழகில்லை என்றார்கள். நாங்கள் யாரையும் வாயை மூடச் சொல்லவில்லை, இன்னொரு அழகைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினோம். நான் முதன்முதலில் சட்டையில்லாமல் நீந்தியது கரடிகள் கூட்டத்தில்தான். பாராட்டை நிறுத்தாதீர்கள், யார் யாருக்கு அது போகிறது என்பதை அகலமாக்குங்கள்.

ஒட்டடைக்குச்சி:
மாமா, உங்கள் கூட்டத்திலும் மேல் வரிசை தசை வைத்த கரடிகளுக்குத்தானே? நான் ஒருதடவை வந்து பார்த்தேன். என்னை யாரோ வழி தவறி வந்தவன் மாதிரி பார்த்தார்கள்.

கரடிமாமா:
இருக்கிறது, மறுக்க மாட்டேன். அடுத்த முறை நேராக என்னிடம் வா.

பெயர்வேண்டாம்:
நான் படித்துவிட்டுப் போகிற ஆள், இன்று எழுதுகிறேன்.

தசை ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்தது இல்லை, ஜிம்மில் ஒருவர் கொடுத்தது. உடம்பு ஏற ஏற நண்பர்கள் கொண்டாடினார்கள். எனக்கோ கண்ணாடியில் இன்னும் நோஞ்சானாகத்தான் தெரிந்தது. இதற்கு ஒரு பெயர் இருப்பது பிறகுதான் தெரியும். தசை போதவில்லை என்ற தீராத எண்ணத்தை ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரும் சகாக்களும் 1997-ல் 'மசில் டிஸ்மார்ஃபியா' என்று தனியாகப் பெயரிட்டு விவரித்தார்கள். 2013-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு அதை உடல் தோற்றம் பற்றிய மனக்கோளாறின் ஒரு வகையாகச் சேர்த்தது.

உள்ளே நடப்பதை யாரும் சொல்லித்தரவில்லை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், விதைக்கு 'வேலை செய்' என்று மூளை அனுப்பும் ஹார்மோன் சமிக்ஞை நின்றுபோகும். விதை சுருங்கும், விந்தணு குறையும். உபரியில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறும், அதனால் மார்பில் திசு கட்டியாகத் திரளலாம். நல்ல கொலஸ்ட்ரால் விழும், இரத்தம் கெட்டியாகும், இதயச் சுவர் தடிக்கும். நிறுத்திய பிறகு சொந்தச் சுரப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் வரும் சோர்வு இருக்கிறதே, படுக்கையை விட்டு எழ முடியாது.

என்னை நிறுத்தியது ஒரு நண்பன். முதுகில் கொத்துக் கொத்தாகப் பரு வந்திருந்ததைப் பார்த்து நேராகவே கேட்டான்: "டேய், ஊசி போடறியா?" அசிங்கமாக இருந்தது, கத்தினேன். மறுநாள் அவனோடு டாக்டரிடம் போனேன். உங்கள் விதி இருந்திருந்தால் அவன் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருப்பான். அந்த ஒரு காரணத்துக்காக விதிக்கு எதிர்.

மழைக்குருவி:
இதற்குப் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டேன். பழையடைரி ஐயாவின் கன்னமும் உங்கள் முதுகும் என் வாதத்தில் ஓட்டை போடுகின்றன. ஆனால் அவர் துணைவரும் உங்கள் நண்பனும் கேள்விதான் கேட்டார்கள், மதிப்பெண் போடவில்லை. அதுவும் எல்லோர் முன்னாலும் இல்லை. என்னிடம் யாராவது "சாப்பிடறியாடா?" என்று அப்படிக் கேட்டிருந்தால் நான் இந்த இழையே தொடங்கியிருக்க மாட்டேன். சரி, விதியில் கேள்விக்கு இடம் விடுகிறேன். பாராட்டு விஷயத்தில் இறங்கி வரமாட்டேன்.

இருவர்வீடு:
உங்கள் விதி காதலர்களுக்கும் உண்டா? எங்கள் வீட்டில் அது எழுதாமலே நடந்தது. என் துணைவர் நல்லவர், என் உடம்பு மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தொப்பை வந்தது, முடி போனது, அவர் எதுவும் சொல்லவில்லை. நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? சொல்ல நல்லதாக எதுவும் இல்லை என்று. விளக்கை அணைக்காமல் பக்கத்தில் போக மாட்டேன், பனியனைக் கழற்ற மாட்டேன். துணி மடிக்கும்போது நடந்த ஒரு சண்டையில்தான் வெளியே வந்தது. தோற்றத்தைப் பற்றிப் பேசினால் நான் காயப்படுவேன் என்று அவர் பயந்திருக்கிறார், அவருடைய முந்தைய காதலன் அப்படிப் பேசியே அவரை நோகடித்தவனாம்.

இப்போது சொல்கிறார், விகாரமாகத்தான் சொல்கிறார். "உன் வயிறு தலை வைக்க வசதி" என்பது அவரால் முடிந்த கவிதை. எனக்கு அது போதும், பனியன் பெட்டிக்குப் போய்விட்டது. சொல்லாமல் இருப்பதால் யாரும் தப்பிக்க முடியாது மழைக்குருவி, சொல்லாததற்கு நாமே அர்த்தம் எழுதிக்கொள்வோம். நீங்களும் அதைத்தானே செய்தீர்கள்?

மழைக்குருவி:
செய்தேன். அதனால்தான் காதலர்களுக்கு இந்த விதி இல்லை. உங்கள் துணைவர் சொல்வது உங்களுக்காக. எங்கள் குழுவில் ஒருவனுக்குச் சொல்லும் பாராட்டைப் பத்துப் பேர் கேட்கிறார்கள். கேட்கிற ஒவ்வொருவனும் தன் வயிற்றைக் குனிந்து பார்க்கிறான்.

இரும்புத்தோள்:
அப்படியானால் தனியாகச் சொல்லலாம் என்கிறாய். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிச் சண்டை மிச்சம். நான் இப்போதும் விதிக்கு எதிர்தான், வயதுவந்த ஆட்களுக்குப் பேச்சுக்கட்டுப்பாடு அசிங்கம். ஆனாலும் கேட்கிறேன், நான் ஜிம் போட்டோ போட்டால் லைக் போடுவாயா மாட்டாயா?

மழைக்குருவி:
போடுவேன். கமெண்ட் எழுத மாட்டேன்.

வளையல்சத்தம்:
நான் எழுதுவேன். உன் போட்டோவில் எப்பவும் பின்னாடி ஒரு செடி வாடிக்கிடக்குதே, அதைப் பத்தி.