டாம்சுலோசின் தொடங்கியபின் குமட்டலும் வயிற்றுப்போக்கும்: மருந்துதான் காரணமா?

கேள்வி:

வணக்கம். பிராஸ்டேட் வீக்கத்துக்காக எழுபது வயதை நெருங்கும் என் தந்தைக்கு டாம்சுலோசின் 0.4 மி.கி. காப்ஸ்யூலை மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழும் தொல்லை நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் அதே சமயத்தில் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தொடங்கியுள்ளன. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில்தான் அதை விழுங்குகிறார். மருந்துக்கடையில் வயிற்றுக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்கலாமா, அல்லது காப்ஸ்யூலையே நிறுத்திப் பார்க்கலாமா?

மறுமொழி (மருந்தாளுநர்):

குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகிய நான்குமே இம்மருந்தின் பக்க விளைவுகளாகப் பதிவானவை. எனினும் தலைச்சுற்றலையும் விந்து வெளியேறுவதில் ஏற்படும் மாற்றத்தையும்விடக் குறைவானவர்களுக்கே இவை வருகின்றன. வெறும் வயிற்றில் எடுத்தால், உணவுக்குப் பின் எடுப்பதைக் காட்டிலும் இரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு 40 முதல் 70 சதவீதம் வரை கூடிவிடும். ஆகவே நாள்தோறும் ஒரே வேளை உணவைக் குறித்துக்கொண்டு, அது முடிந்து அரை மணி நேரம் கழித்துக் கொடுங்கள். மருந்து மெதுவாக வெளிவரும்படி செய்யப்பட்டது என்பதால் காப்ஸ்யூலைத் திறக்கவோ மெல்லவோ கூடாது.

நான் அதிகம் அஞ்சுவது நீங்கள் கேட்ட இன்னொன்றைப் பற்றித்தான். வயிற்று வலிக்கென வாங்கும் டைசைக்ளோமின், ஹையோசின் போன்றவை சிறுநீர்ப்பைத் தசையின் சுருங்கும் ஆற்றலையும் தளர்த்துவதால், பிராஸ்டேட் வீங்கியிருப்பவருக்குச் சிறுநீர் முற்றிலுமாக அடைபட்டுவிடக்கூடும். நெஞ்செரிச்சலுக்கான சிமெட்டிடின், டாம்சுலோசின் உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். தயவுசெய்து கேட்காமல் எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். சமீபத்தில் வேறு மருந்து ஏதேனும் சேர்ந்ததா?

மறுமொழி (இதே சிகிச்சையில் இருப்பவர்):

எனக்கு நேர்ந்தது இதற்கு மறுபக்கம். அடக்க முடியாத சிறுநீர் உந்துதலுக்காக சொலிஃபெனசினும் சேர்க்கப்பட்டபோது கடுமையான மலச்சிக்கல் வந்தது. மலம் தேங்கிய குடல் சிறுநீர்ப்பையை அழுத்தியதால் சிறுநீர் கழிப்பதும் சிரமமானது. மருத்துவர் மருந்தை மாற்றிய பிறகே சரியாயிற்று. குடலில் வரும் மாற்றத்தையும் சிறுநீர் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. சர்க்கரைக்காக அவர் உட்கொள்ளும் மெட்ஃபார்மின் அளவும் அதே வாரத்தில்தான் கூட்டப்பட்டது. அதை நான் இதனோடு சேர்த்து நினைக்கவேயில்லை.

மறுமொழி (மருந்தாளுநர்):

அப்படியானால் மெட்ஃபார்மின் மீதே எனக்கு அதிகச் சந்தேகம், ஏனெனில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் அதன் மிகப் பரவலான பக்க விளைவுகள், அளவு கூடும்போது மேலும் தலைதூக்குபவை. அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு மருந்துகளின் பெயரையும், தொடங்கிய அல்லது கூட்டிய நாளையும் எழுதிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். டாம்சுலோசின் சில நாள் நின்றுபோனால், மீண்டும் தொடங்கும்போது இரத்த அழுத்தம் திடீரென இறங்கலாம் என்பதால், அதற்கும் அவர் ஆலோசனை தேவை.

அதுவரை நீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கொடுத்து வாருங்கள். நீரிழப்போடு இம்மருந்தும் சேர்ந்தால் எழுந்து நிற்கையில் மயக்கம் வரலாம்; படுக்கையிலிருந்து அவர் மெதுவாக எழட்டும். மலம் கருத்தோ இரத்தத்துடனோ போனாலும், எதுவும் வயிற்றில் தங்காமல் வாந்தி தொடர்ந்தாலும், சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.