மெடிகேர் ஃபோன் விசிட் க்ளெய்ம் சிக்கல், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நியூஜெர்சியில் முதியோர் கிளினிக் ஒன்றில் பில்லிங் பார்க்கிறேன். 2025 அக்டோபர் 1-ல் அமெரிக்க அரசு ஷட்டவுனோடு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) டெலிஹெல்த் சலுகையும், அதாவது வீட்டிலிருந்தே ஃபோன், வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் சலுகையும், காலாவதியானது. நவம்பர் 12-ல் கையெழுத்தான சட்டம் அதை முன்தேதியிட்டு 2026 ஜனவரி 30 வரை நீட்டித்தது. டிசம்பரும் வந்தாச்சு, எங்கள் அக்டோபர் க்ளெய்ம் 11 இன்னும் தொங்குகிறது.

எல்லாம் வீட்டிலிருந்து ஃபோனில் பேசியவர்கள். ஒரு பாட்டிக்கு 84 வயது, லேண்ட்லைன் மட்டும்தான். மாத்திரை டப்பாவை ரிசீவர் பக்கத்தில் குலுக்கித்தான் மிச்சக் கணக்கு சொல்வார். மனநல விசிட்டுக்குத் தொல்லையே இல்லை, அது நிரந்தரச் சலுகை.

பிஓஎஸ் 10 (நோயாளி வீட்டில் இருந்தார் என்ற கோட்), மாடிஃபையர் 93 (குரல் மட்டும் என்ற கோட்) இரண்டும் சரிபார்த்தாச்சு. இரண்டு தடவை மறுபடி அனுப்பியும் அதே நிராகரிப்பு. மெடிகேருக்காக க்ளெய்ம் பார்க்கும் கான்ட்ராக்டர் கம்பெனிக்கு மூன்று ஃபோன், மூன்று விதமான பதில்.

புது க்ளெய்மாகவே போடணுமா, இல்லை ரீஓப்பனிங் (முடிந்த க்ளெய்மைத் திரும்பத் திறந்து பார்ப்பது) கேட்கணுமா, பணம் வந்தவர்களுக்கு எந்த வழியில் வந்தது?