எழுத்து வட்டத்தில் கிடைத்தது: உங்கள் அனுபவம் என்ன?

முதிரைநிழல், கிளிநொச்சி:
எங்கள் வட்டத்தின் போயா தின (பௌர்ணமி விடுமுறை) கூட்டத்தில் என் முதலாவது சிறுகதையை வாசித்தேன். கதாநாயகன் தை மாதத்தில் சிறுபோக நெல்லை வெட்டுகிறான் என்ற வரி வந்ததும், மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கமக்கார ஐயா தலையை நிமிர்த்தி, "பிள்ளை, தையிலை வெட்டுறது காலபோகம் அல்லோ? சிறுபோகம் சித்திரைக்குத்தானே விதைக்கிறது" என்றார். இரணைமடு வாய்க்காலில் குளித்து வளர்ந்தவள் நான். அதற்கு முன்னர் அந்தக் கதையை வாசித்த பட்டதாரி நண்பர்கள் மூவரும் நடை அழகாயிருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவர் வெற்றிலையை வாய்க்குள் வைத்துவிட்டு, "மற்றதெல்லாம் சரி, வாசி" என்று சொன்ன விதம் இன்னும் என்னை உறுத்துகிறது.

வான்கதவு, முல்லைத்தீவு:
தங்கை சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. பிழை திருத்துவதற்கு ஒரு நல்ல ஆசிரியர் போதும். வட்டம் தருவது வேறொன்று. 2009 இடப்பெயர்வில் என் கொப்பிகள் அனைத்தும் போய்விட்டன. பல ஆண்டுகளின் பின், வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில், நேர்த்திப் பானைகளின் புகைக்கு நடுவே, பழைய வட்டத்தில் அதிகம் பேசாதிருந்த ஒருவர் என்னை மறித்து, நானே மறந்துபோன என் கவிதையின் நான்கு வரிகளை நின்ற நிலையில் சொன்னார். ஒரு சொல்லை மட்டும் மாற்றிச் சொன்னார். அதைத் திருத்துவதா, அப்படியே அச்சிடுவதா என்று இன்றுவரை முடிவெடுக்கவில்லை.

பாலைப்பழம், வவுனியா:
இருவரும் வீணாக முரண்படுகிறீர்கள். நான் சேர்ந்த வட்டத்தில் திருத்தமும் இல்லை, நினைவும் இல்லை; பொன்னாடை மட்டுமே இருந்ததால் மூன்றாம் கூட்டத்தோடு விலகிவிட்டேன். ஆகவே, புதிதாகத் தொடங்குவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். பிரதம விருந்தினரை அழைக்காதீர்கள். வாசிப்பவர் தம் எழுத்தைப் பிரதியெடுத்து முன்கூட்டியே கொடுக்கட்டும். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது, ஏனெனில் விளக்கம் சொல்லத் தொடங்கினால் கதையை விட்டு விளக்கத்தைத்தான் எல்லோரும் விமர்சிப்பார்கள். துணுக்காய், நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்காகக் கடைசி பஸ்ஸுக்கு முன்னர் கூட்டத்தை முடியுங்கள். முதலில் எல்லோருமாக ஒரு நூலை வாசியுங்கள்; முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு 1973 இல் வெளிவந்த நிலக்கிளி நாவல் அதற்குப் பொருத்தம். கூட்டச் செலவுக் கணக்கைத் தலைவரிடம் கொடுக்காதீர்கள் என்பதையும் பட்டுத்தான் சொல்கிறேன்.

முதிரைநிழல், கிளிநொச்சி:
பொன்னாடை எங்களுக்கு வாங்க வழியில்லை, பிளேன்ரீ மட்டும்தான். வான்கதவு அண்ணா, அந்தச் சொல் எதுவென்று சொல்லாமலே போய்விட்டீர்களே?

வான்கதவு, முல்லைத்தீவு:
'குளம் நிரம்பி வழிந்தது' என்று நான் எழுதியிருந்தேன், தங்கை. அவர், குளம் நிரம்பி மேலதிக நீர் வெளியேறுவதை எங்கள் கமக்காரர் சொல்லும் பேச்சிலேயே, 'குளம் வான் பாய்ந்தது' என்று சொன்னார்.