பௌத்தர்களின் வேண்டுதல்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

தாய்லாந்திலிருந்து

புத்தரிடம் போய் வேண்டிக்கொள்வார்களா என்று ஊரில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டிக்கொள்கிறார்கள். வேண்டியதைச் சொன்னபடி செலுத்தவும் செய்கிறார்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன், மற்றவர்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

எனக்கு வேலை சாச்சோங்சாவ் மாகாணத்தில், ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில். பாங்காக்கிற்குக் கிழக்கே, பாங் பகோங் ஆறு ஓடும் ஊர். ஆற்றங்கரையில் வாட் சோத்தோன் கோயில் இருக்கிறது. அங்குள்ள புத்தரை ‘லுவாங் போ சோத்தோன்’ என்று மரியாதையோடு அழைப்பார்கள். சிலை ஆற்றில் மிதந்து வந்து இங்கே கரையேறியது என்பது ஊர்க்கதை. நினைத்தது நடந்துவிட்டால் மக்கள் அவித்த முட்டைகளைத் தட்டு தட்டாகக் கொண்டுவந்து படைக்கிறார்கள். நூறு என்று நேர்ந்தவரும் உண்டு, ஆயிரம் என்று நேர்ந்தவரும் உண்டு. படைத்து முடித்ததும் வீட்டுக்கு எடுத்துப்போய் அக்கம்பக்கத்தில் பங்கு போடுவார்கள். கோயில் வளாகத்திலேயே நடனக் குழு காத்திருக்கும். பணம் கட்டினால் ஜரிகை உடையும் கூர்முடியுமாக வந்து, நேர்ந்துகொண்டவருக்காக ஆடிவிட்டுப் போவார்கள். முதல் தடவை பார்த்தபோது நம்ம ஊர்த் திருவிழாவுக்குள் வந்துவிட்டது போல இருந்தது எனக்கு.

ஆனால் நான் எழுத வந்தது முட்டையைப் பற்றி அல்ல. எங்கள் ஷிஃப்டில் ஒரு மூத்த சூப்பர்வைசர் இருக்கிறார். ‘பீ’ என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் மாதிரி. அவருடைய அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அம்மா எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தால் பதினைந்து நாள் பிக்குவாக இருக்கிறேன் என்று லுவாங் போ முன்னால் நேர்ந்துகொண்டார். இங்கே ஆண்கள் குறுகிய காலம் துறவு பூணுவது சாதாரண வழக்கம். அரசு ஊழியர்களுக்கு அதற்கென்றே 120 நாள் வரை விடுப்புச் சலுகை உண்டு. எங்களுடையது தனியார் வேலை, அதுவும் உற்பத்தி நெருக்கடியான நேரம். ஒரு வாரம் போதாதா என்று மேலே கேட்டார்கள்.

“பதினைந்து என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மீதி எட்டு நாளை யார் இருப்பது?” என்றார் பீ. சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

துறவேற்புக்கு எங்களையெல்லாம் அழைத்திருந்தார். முடியை முதலில் கத்தரித்தது அந்த அம்மாதான், கை நடுங்க நடுங்க. விழுந்த முடியைத் தாமரை இலையில் வாங்கினார்கள். அப்புறம் தலை, புருவம் எல்லாம் மழித்து, வெள்ளை உடுத்தி, மேளமும் ஆட்டமுமாக மண்டபத்தை மூன்று முறை வலம் வந்தார்கள். வண்ண நாடாவில் சுற்றிய காசுகளை வாசலில் நின்று அள்ளி வீசினார். பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கினார்கள்.

உள்ளே போனதும் எல்லாம் அடங்கிவிட்டது. மூத்த பிக்குகள் பாலி மொழியில் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். இன்னின்ன நோய் உண்டா? நீ மனிதன்தானா? சுதந்திரமானவனா? கடன் இல்லாதவனா? பெற்றோர் சம்மதம் உண்டா? பக்கத்தில் இருந்தவர் எனக்கு மெதுவாகப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். நேர்ந்த கடனைத் தீர்க்க வந்த மனிதர் ‘கடன் இல்லை’ என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆண்டவனுக்குக் காசோ பொருளோ கொண்டுபோய்க் கொடுப்பதைத்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். இந்த மனிதர் தன் நாட்களையே கொடுக்க வந்திருந்தார். 227 விதிகள், மதியத்துக்குப் பிறகு உணவு கிடையாது, விடியலில் வெறுங்காலோடு பிச்சைக்குப் போக வேண்டும். அதில் சேரும் புண்ணியம் அம்மாவுக்கு.

மறுநாள் காலை அந்த அம்மா வீட்டு வாசலில் முட்டிபோட்டு உட்கார்ந்து மகனுடைய பாத்திரத்தில் சோறு இட்டார். பிறகு கை கூப்பி அவனை வணங்கினார். மருத்துவமனையில் அவரைத் தூக்கி உட்காரவைத்தவை அந்த மகனின் கைகள். இப்போது பிக்கு என்பதால் தொடக் கூடாது. மகனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாழ்த்துப் பாடலைச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டார். தாய்லாந்தில் இத்தனை காலம் இருந்து நான் பார்த்ததில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

கயாவிலிருந்து

வங்கி வேலையாகக் கயாவில் இருந்தபோது விடுமுறை நாட்களில் புத்தகயா போவேன். குளிர்காலத்தில் மகாபோதி கோயிலைச் சுற்றியுள்ள புல்வெளியில் வழவழப்பான மரப்பலகைகள் வரிசையாகக் கிடக்கும். திபெத்திய மரபைச் சேர்ந்தவர்கள் அதன்மேல் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து விழுந்து எழுவார்கள். சறுக்குவதற்குக் கையில் துணிப்பட்டை, எண்ணுவதற்குப் பக்கத்தில் மணிமாலை. ஒரு லட்சம் முறை என்று சங்கற்பம் செய்துகொண்டு மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் உண்டு.

வயதான திபெத்திய அம்மா ஒருவரோடு ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். லட்சத்தை முடித்த பிறகும் விழுந்துகொண்டிருந்தார். ஏன் அம்மா என்றேன். “எண்ணிக்கை தவறியிருக்கும், மனசு எங்கேயோ போயிருக்கும். அதற்கும் சேர்த்துப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செய்யணும், மகனே” என்றார். யாருக்காக என்று கேட்டதற்குக் கையை விரித்து ஒரு சுற்றுக் காட்டினார். எல்லா உயிரும் துன்பத்திலிருந்து விடுபடட்டும் என்பதுதான் அவர் எடுத்த உறுதி. நீங்கள் எழுதிய வேண்டுதலில் அம்மா குணமாக வேண்டும் என்றொரு நிபந்தனை இருக்கிறது. இதில் நிபந்தனையே இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் சொல்லலாமா என்று எனக்கு இன்னும் தயக்கம்தான். ஆனால் சொன்னதை உடம்பால் செய்து முடிக்க வேண்டும் என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

வவுனியாவிலிருந்து

இங்கே அனுராதபுரம் பக்கம்தானே, ஸ்ரீ மகாபோதிக்குப் போகிறவர்களோடு நானும் போயிருக்கிறேன். அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்த வெள்ளரசு மரம். சிங்களச் சனம் ஒரு காசைக் கழுவி, வெள்ளைத் துணியில் முடிந்து நேர்ந்துகொள்வார்கள். எங்கட வீடுகளில் மஞ்சள் துணியில் காசு முடிந்துவைப்பது மாதிரியேதான். காரியம் நடந்ததும் போதி பூசை: குடத்தில் தண்ணீர் சுமந்து சுற்றி வந்து ஊற்றுவது, விளக்கேற்றுவது, பூ வைப்பது. கமக்காரர்கள் புது அரிசியை முதலில் அங்கேதான் படைப்பார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பிள்ளை பிறந்ததற்காகத் தாய் செலுத்தியது வேறு. ஒவ்வொரு போயாவுக்கும், அதாவது பௌர்ணமிக்கும், வெள்ளை உடுத்தி எட்டுச் சீலம் (எட்டு ஒழுக்க விதிகள்) எடுத்து நாள் முழுக்க விகாரையில் இருப்பார். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது, அவர் இன்னும் நிறுத்தவில்லை.

மறுபடி தாய்லாந்திலிருந்து

கயா நண்பருக்கு: நிபந்தனை பற்றி நீங்கள் சொன்னது சரி. இங்கேயும் சில பிக்குகள், வேண்டிப் பெறுவது புத்தர் சொன்ன வழி அல்ல, தானமும் சீலமும் தியானமும்தான் வழி என்று வெளிப்படையாகவே பேசுகிறார்கள். எனக்கு அதில் சண்டை தெரியவில்லை. பீ நிபந்தனையோடு உள்ளே போனார், அங்கே வாழ்ந்தது சீலம்தான். காவி களைந்து வேலைக்குத் திரும்பியவர் வாரத்தில் ஒரு நாள் மதியத்துக்குமேல் சாப்பிடுவதில்லை. அதை அவர் யாரிடமும் நேரவில்லை.

வாட் சோத்தோன் போக நினைப்பவர்களுக்கு: வார இறுதியில் கூட்டம் நெரியும், காலையிலேயே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பிக்குகளுக்கு எதையாவது கொடுக்கும்போது பெண்கள் கையில் கொடுக்காமல், அவர் விரிக்கும் துணிமேல் வைக்க வேண்டும். அனுராதபுரத்தில் போயா அன்று போனவர்கள் இருந்தால் எழுதுங்கள், எனக்கு அங்கே போகும் எண்ணம் இருக்கிறது.