புதுப்பிப்பு: கறுப்பி போன பிறகு, செவலை தீனி எடுக்காதது பற்றி

போன மாசம் கேட்டிருந்தேன்: பெரம்பூர்ல மொட்டைமாடியில 6 வருஷம் வளர்த்த கோழி கறுப்பி செத்துப்போச்சு, பொண்ணு சரியா சாப்பிடல, துணைக்கோழி செவலையும் தீனி எடுக்கல, என்ன செய்யலாம்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"உடனே வேற கோழி வாங்குங்க"ன்னு பலர் சொன்னீங்க. பொண்ணு ஒத்துக்கல. கைகொடுத்தது, "செவலைக்கு அடியில கைவிட்டுப் பாருங்க, கொக்கரிச்சுக் கொத்துதா?"ன்னு கேட்டவரோட யோசனைதான். கொத்துச்சு! துக்கம்னு நாங்க நினைச்சது அடை, அதாவது குஞ்சு பொரிக்க உட்கார்ற நிலை. சேவல் சேர்ந்த நாட்டுக்கோழி முட்டை 7 வாங்கி ராத்திரி இருட்டுல செவலைக்கு அடியில வச்சோம். 7ஆம் நாள் டார்ச் அடிச்சுப் பார்த்ததுல ரெண்டு கூமுட்டை (கரு வளராதது). 21ஆம் நாள் 4 குஞ்சு.

எதிர்பாராதது: அதுல ஒண்ணு கறுப்பு. பொண்ணு அதுக்கு இன்னும் பேர் வைக்கல. கறுப்பியோட தண்ணிக் கிண்ணத்தை மட்டும் கழுவி முன்னாடி வச்சிருக்கா.